மரபணுத் திருத்தம்: மாணவர் பெற வேண்டிய அறிவும் அறமும்

அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள கரவனெல்ல, இறப்பர் மரங்கள் சூழ்ந்த ஊர். ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட எனச் சுற்றிலும் விரிந்து கிடக்கும் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். நாற்றுமேடையில் வளரும் கன்றில், தேர்ந்த மரத்தின் அரும்பை எடுத்து ஒட்டினால், வளர்ந்து வரும் மரம் அந்தத் தாய் மரத்தின் குணத்தையே கொண்டிருக்கும். பால் அதிகம் தரும் மரத்தின் அரும்பு பால் அதிகம் தரும் மரத்தையே உருவாக்கும். ‘பரம்பரை’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான செய்முறைப் பாடம் வேறு இருக்க முடியாது.

ஆயினும், அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதே பரம்பரையின் இரகசியத்தை ஆய்வுகூடத்தில் திருத்தி எழுத முடியும் என்ற செய்தியை வகுப்பறையில் கேட்டிருப்பார்கள்? அவ்வாறு திருத்துவது சரியா, பிழையா என்று சிந்திக்க எத்தனை பேருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டிருக்கும்? இவ்வினாக்களை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே நாம் கருதுகின்றோம்.

மரபணுத் திருத்தம் என்பது கற்பனைக் கதைகளில் வரும் விடயம் என்ற எண்ணம் இன்னமும் பலரிடம் காணப்படுகின்றது. உண்மை அதுவன்று. எமது பாடநூல்கள் பரம்பரையலகு என்று குறிப்பிடும் மரபணு, உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு கலத்திலும் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையின் ஒரு பகுதியாகும். நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு நூலைப் போன்றது அந்த இழை. மனிதனில் அந்நூலின் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். அதில் ஓர் எழுத்து மாறினாலும் சில வேளைகளில் பாரிய நோய் உண்டாகிவிடும்.

அந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடித்து வெட்டுவதற்கான கருவியை மனிதன் பற்றீரியாவிடமிருந்தே கற்றுக்கொண்டான். தம்மைத் தாக்கும் வைரசின் டி.என்.ஏ.யில் ஒரு துண்டைப் பற்றீரியாக்கள் தமக்குள் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அதே வைரசு மீண்டும் வரும்போது, அத்துண்டை அடையாளமாகக் கொண்டு அதனை இனங்கண்டு வெட்டி அழிக்கின்றன. 2007ஆம் ஆண்டு, யோகட் தயாரிப்புக்குப் பயன்படும் பற்றீரியாக்களை ஆராய்ந்தவர்களே இந்தப் பாதுகாப்பு முறையைப் பரிசோதனை மூலம் நிரூபித்தனர். 2012ஆம் ஆண்டு, பிரான்சைச் சேர்ந்த இம்மானுவேல் சார்பென்டியேயும் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிபர் டவுட்னாவும் இதனை விரும்பிய இடத்தில் டி.என்.ஏ.யை வெட்டும் கருவியாக மாற்ற முடியும் என்று காட்டினர். ‘கிறிஸ்பர்’ என்று அழைக்கப்படும் அம்முறைக்காக இருவருக்கும் 2020ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கருவியில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று வழிகாட்டி, அது நூலில் குறித்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும். மற்றையது கத்தரிக்கோல் போன்ற நொதியம். அது அந்த வரியை வெட்டும். வெட்டிய இடத்தைக் கலம் தானாகவே ஒட்டிக்கொள்ளும்போது மரபணு செயலிழக்கலாம், அல்லது புதிய வரியை அவ்விடத்தில் புகுத்தலாம். சில வேளைகளில் வழிகாட்டி ஒரே மாதிரியான வேறு வரியைத் தவறாக இனங்கண்டு, வெட்டக் கூடாத இடத்தில் வெட்டிவிடுவதும் உண்டு. நன்மையும் ஆபத்தும் ஒரே கத்தரிக்கோலில் இருக்கின்றன என்பதை மாணவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதனால் எமக்கு என்ன பயன் என்று ஒரு தோட்டத் தொழிலாளி கேட்டால் அது நியாயமான கேள்வியே. அதற்கான விடை இந்நாட்டிலேயே இருக்கின்றது. தலசீமியா என்னும் குருதி நோய் இலங்கைக்குப் புதியதல்ல. ஈமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் ஏற்படும் விகாரத்தால் இந்நோய் உண்டாகின்றது. பாரதூரமான தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குருதி ஏற்ற வேண்டும். ஏற்றும் குருதியோடு உடலில் சேரும் இரும்பு இருதயத்தையும் ஈரலையும் பாதிப்பதால், அதனை அகற்ற வாழ்நாள் முழுவதும் மருந்து எடுக்க வேண்டும். இலங்கையில் எக்காலத்திலும் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவைப்படும் என 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருந்தது. நாளாந்தச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, மாதந்தோறும் பிள்ளையை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதென்பது ஒவ்வொரு மாதமும் இழக்கும் சம்பளமுமாகும்.

இந்நோய்க்கு மரபணுத் திருத்தம் ஒரு சிகிச்சையைத் தந்துள்ளது. 2023 நவம்பரில் பிரித்தானியாவும், 2024 ஜனவரியில் அமெரிக்காவும் ‘காஸ்ஜெவி’ என்னும் கிறிஸ்பர் சிகிச்சையைத் தலசீமியா நோயாளிகளுக்கு அனுமதித்தன. நோயாளியின் குருதியை உருவாக்கும் மூலக்கலங்களை வெளியே எடுத்து, தாயின் கருவறையில் இருந்தபோது தொழிற்பட்டுப் பின்னர் அடங்கிப்போன ஈமோகுளோபினை மீண்டும் உற்பத்தி செய்யும் வகையில் திருத்தி, திரும்பவும் உடலில் செலுத்துகின்றனர். அதற்கு முன்னர் என்பு மச்சையிலுள்ள பழைய கலங்களை அழிக்கும் கடுமையான மருந்து கொடுக்கப்படுகின்றது. சிகிச்சைக்குட்பட்டவர்களில் பெரும்பாலானோர் குருதி ஏற்றும் தேவையிலிருந்து விடுபட்டுள்ளனர். ஆனால், அமெரிக்காவில் ஒருவருக்கான இதன் விலை ஏறத்தாழ 22 இலட்சம் டொலர்கள். நோயைக் குணப்படுத்தும் அறிவு உலகில் இருக்கின்றது. நோயாளியான ஏழைப் பிள்ளைக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கின்றது. இதுவே மரபணுத் திருத்தம் எழுப்பும் முதலாவது அறநெறி வினா. இதற்கு விடை தேடும் பொறுப்பு விஞ்ஞானிக்கு மட்டும் உரியதன்று, சமூகத்துக்கும் உரியதாகும்.

இரண்டாவது வினா இதைவிட ஆழமானது. மேலே சொன்ன சிகிச்சை நோயாளியின் உடலோடு முடிந்துவிடும். அவரது பிள்ளைகளுக்குச் செல்லாது. ஆனால் கருவிலேயே திருத்தம் செய்தால் அம்மாற்றம் பரம்பரை பரம்பரையாகத் தொடரும். 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் இதனையே செய்ததாக அறிவித்து உலகைத் திடுக்கிடச் செய்தார். எச்.ஐ.வி. தொற்றாதிருப்பதற்காக ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அவர் கூறினார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் எளிய வழிகள் ஏற்கெனவே இருந்தன. பெற்றோரிடம் முறையான விளக்கம் அளித்துச் சம்மதம் பெறப்பட்டதா என்பதும் கேள்விக்குள்ளானது. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பிறந்த குழந்தைகளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. இனிப் பிறக்கப்போகும் தலைமுறைகளின் சார்பில் முடிவெடுக்கும் உரிமை எமக்கு உண்டா என்ற வினாவை ஒரு பதினேழு வயது மாணவர் தம் அறிவைக் கொண்டு ஆராயும்போது, அவர் பெறுவது பரீட்சைப் புள்ளியைவிடப் பெறுமதியானது.

மூன்றாவது வினா ‘நல்ல மரபணு’, ‘கெட்ட மரபணு’ என்ற பாகுபாட்டைப் பற்றியது. இங்கு கேகாலை மாவட்டத்தின் சொந்த வரலாறே சாட்சியாக நிற்கின்றது. 1934-35இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் கேகாலை மாவட்டமும் ஒன்று. களனிப் பள்ளத்தாக்கில் அன்று நிவாரணப் பணியாற்றியவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா, 1936இல் ருவன்வெல்ல தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அத்தகைய மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு அளிப்பது, தலசீமியா மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்டிருக்கும் நிலையாகும். மலேரியா நிலவிய நாடுகளில் அம்மரபணு இன்றளவும் நிலைத்து நிற்பதற்குக் காரணமும் அதுவே. இரண்டு பிரதிகள் சேர்ந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் அக்காலத்தில் கவசம். இலங்கை மலேரியா அற்ற நாடாக 2016இல் உலக சுகாதார ஸ்தாபனத்தால் சான்றுபடுத்தப்பட்ட பின்னர் அக்கவசத்தின் தேவை அற்றுப்போனது; சுமை மட்டும் எஞ்சியது. ஆக, ஒரு மரபணு நல்லதா, கெட்டதா என்பதைக் காலமும் இடமும் தீர்மானிக்கின்றன. இதனை உணர்ந்தவர், மரபணுவை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கத் துணியமாட்டார். அவ்வாறு தரம் பிரித்த ஹிட்லரின் ஜெர்மனி 1933இல் சட்டமியற்றி, ‘பரம்பரைக் குறைபாடுடையோர்’ என்று முத்திரை குத்தி இலட்சக்கணக்கானோருக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்ததை வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்தே விஞ்ஞானப் பாடமும் சொல்ல வேண்டும்.

தாவரங்களைப் பொறுத்தவரையிலும் படிப்பினைகள் எமது காலடியிலேயே உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்ததும், அதன் பின்னர் தேயிலையும் இறப்பரும் வந்ததும் மலையக மக்களின் வரலாற்றோடு பிணைந்தவை. இலங்கை இறப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘ஆர்.ஆர்.ஐ.சி. 103’ என்னும் இனம், 1980களின் நடுப்பகுதியில் பரவிய ஓர் இலையுதிர் நோயால் தாக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. ஒரே இனத்தின் அரும்புகளிலிருந்து வளர்ந்த மரங்கள் யாவும் ஒரே மரபணுவைக் கொண்டவை என்பதால், ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் தோட்டம் முழுவதையுமே வீழ்த்திவிடும். மரபணுத் திருத்தத்தின் மூலம் நோயை எதிர்க்கும் மரங்களை விரைவில் உருவாக்கலாம் என்பது நம்பிக்கை. ஆனால் எல்லோரும் ஒரே ‘சிறந்த’ இனத்தையே நட்டால் பழைய ஆபத்து புதிய வடிவில் திரும்பும் என்பது எச்சரிக்கை. 2025 மே மாதத்தில் இந்தியா, மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரு நெல்லினங்களை அறிவித்தது. வேறு உயிரினத்தின் மரபணு அவற்றில் சேர்க்கப்படவில்லை என்பதால், பழைய மரபணு மாற்றுப் பயிர்களிலிருந்து இவை வேறுபட்டவை என்று ஆதரிப்போர் கூறுகின்றனர். விதையின் உரிமை யாருக்கு, போதிய பரிசோதனை நடந்ததா என்று எதிர்ப்போர் கேட்கின்றனர். இரு தரப்பினதும் வாதங்களை நிறுத்துப் பார்க்கும் ஆற்றலே மாணவருக்குத் தேவை.

அறநெறி பற்றிப் பேசும்போது மதத்தையும் பண்பாட்டையும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட முடியாது. இது எமது வாசகர்களுக்கு மிக நெருக்கமான விடயமுமாகும். இறைவனின் படைப்பில் கைவைப்பது தகுமா என்று முஸ்லிம் மாணவர் ஒருவர் கேட்டால், அது அறியாமையின் கேள்வியல்ல. இஸ்லாமிய அறிஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி. 1998 ஒக்டோபரில் குவைத்தில், மருத்துவ விஞ்ஞானங்களுக்கான இஸ்லாமிய அமைப்பு நடத்திய கருத்தரங்கில் மார்க்க அறிஞர்களும் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து இதனை விவாதித்தனர். நோயைக் குணப்படுத்துவதற்காக உடற்கலங்களில் செய்யப்படும் மரபணுச் சிகிச்சைக்கு இடமுண்டு எனவும், சந்ததியைப் பாதிக்கக்கூடிய வகையில் இனப்பெருக்கக் கலங்களில் கைவைப்பது அன்றைய நிலையில் ஏற்கத்தக்கதன்று எனவும் அவர்கள் கருதினர். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் காப்பது ஷரீஅத்தின் நோக்கங்கள் என்ற அடிப்படையில் நின்று, உயிர் காப்பதையும் சந்ததி காப்பதையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் அணுகுமுறை இது. உடற்கலத்துக்கும் இனப்பெருக்கக் கலத்துக்கும் வேறுபாடு தெரியாதவருக்கு இந்தக் கருத்தின் நுட்பம் விளங்காது. மார்க்கத் தீர்ப்பை விளங்கிக்கொள்ளவும் விஞ்ஞான அறிவு தேவை என்பதற்கு இதனைவிட உதாரணம் வேண்டியதில்லை.

தமிழ்க் குடும்பங்களில் வேறொரு சிக்கல் உண்டு. குறைபாட்டோடு பிள்ளை பிறந்தால் ‘முன்வினை’ என்று சொல்லித் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தாய், தந்தை இருவரும் தலசீமியா மரபணுவின் ஒவ்வொரு பிரதியைக் காவுபவர்களாக இருந்தால் மட்டுமே ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் ஏற்படும் என்ற எளிய கணக்கைப் படித்த பிள்ளை, தாயின் மீது பழி சுமத்தாது. மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பது தமிழரிடையேயும், ஒன்றுவிட்ட சகோதர உறவில் மணப்பது முஸ்லிம்களிடையேயும் வழக்கத்தில் உள்ளது. இதனை இழிவாகப் பேச வேண்டிய தேவையில்லை. மார்க்கமும் மரபும் இதனை அனுமதித்திருக்கின்றன. ஆனால், ஒரே பாட்டனிடமிருந்து ஒரே விகாரம் இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு உறவினரிடையே அதிகம் என்பதால், திருமணத்துக்கு முன்னர் குருதிப் பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமையாகும். தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்பதை இலங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே, கரு உருவான பின்னர் கலங்குவதைவிட, திருமணத்துக்கு முன்னரே அறிந்துகொள்வதே இங்குள்ள குடும்பங்களுக்கு ஏற்ற வழி. பல இலட்சம் டொலர் பெறுமதியான சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்டில், குறைந்த செலவிலான ஒரு குருதிப் பரிசோதனை பல குடும்பங்களின் கண்ணீரைத் தடுக்கும்.

விஞ்ஞான அறிவு இல்லாத சமூகம் செலுத்தும் விலை என்ன என்பதை இந்நாடு அண்மையில்தான் கண்டது. கொவிட் தொற்றால் இறந்தோரை நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற காரணத்தைக் காட்டி, 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் பலவந்தமாகத் தகனம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ‘விஞ்ஞானம் சொல்கின்றது’ என்று அதிகாரம் கூறியபோது, ‘எந்த விஞ்ஞானம், எந்த ஆதாரம்?’ என்று கேட்கக்கூடியவர்கள் எல்லாச் சமூகத்திலும் அதிகமாக இருந்திருந்தால் அந்த வேதனை நீடித்திருக்குமா? நாளை மரபணுவின் பெயரால் ஒரு சமூகத்தின் மீது இத்தகைய முடிவு திணிக்கப்பட்டால், கேள்வி கேட்கத் தெரிந்த தலைமுறை எம்மிடம் இருக்க வேண்டும்.

அத்தலைமுறையை உருவாக்கும் இடம் பாடசாலையே. உயர்தர உயிரியல் பாடத்திட்டத்தில் டி.என்.ஏ. தொழினுட்பம் இடம்பெற்றிருக்கின்றது. ஆனால், சப்ரகமுவவின் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை வேறு நகரத்துக்குச் செல்ல வேண்டும். விடுதிக் கட்டணம் இல்லாதோர் கலைப் பிரிவோடு அமைதியடைய வேண்டும். ஆகவே, இவ்விடயத்தை உயர்தர விஞ்ஞான மாணவருக்கு மட்டும் உரியதாக வைத்திருப்பது, தோட்டப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கதவை மூடுவதாகும். சாதாரண தர வகுப்பிலேயே இதன் அடிப்படையைக் கற்பிக்க முடியும். ஆய்வுகூடம் இல்லாவிட்டாலும், இறப்பர் நாற்றுமேடை இருக்கின்றது. கணினி இல்லாவிட்டாலும், இரு நிற மணிகளைக் கொண்டு நான்கில் ஒன்று என்ற கணக்கைக் காட்டலாம். ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதி, ஓர் எழுத்தை மாற்றினால் பொருள் எவ்வாறு திரிகின்றது என்று காட்டினால் விகாரம் என்றால் என்னவென்று விளங்கும்.

அறநெறியைக் கற்பிக்கும்போது ஆசிரியர்கள் சில விடயங்களில் கவனமாக இருத்தல் அவசியம். மாணவரின் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று வகுப்பில் பகிரங்கமாகக் கேட்கலாகாது. அது பிள்ளையைக் கூச வைப்பதோடு, நாளை சகோதரியின் திருமணப் பேச்சிலும் எதிரொலிக்கும். தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம் என்பதால், சொந்தக் குடும்ப மரத்துக்குப் பதிலாகக் கற்பனைக் குடும்பமொன்றையே பயிற்சிக்கு எடுக்க வேண்டும். விடையை ஆசிரியரே சொல்லிவிடாமல், நோயாளி, பெற்றோர், வைத்தியர், மார்க்க அறிஞர், வரி செலுத்துவோர் என ஒவ்வொரு நிலையிலும் நின்று பேச மாணவரைப் பழக்க வேண்டும். குணமாக்குவதற்கும் மேம்படுத்துவதற்கும் உள்ள எல்லை எங்கே? யார் சம்மதித்தார்கள்? பயன் யாருக்கு, ஆபத்து யாருக்கு? தவறு நேர்ந்தால் திருத்த முடியுமா? இந்த வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவர், எந்தப் புதிய தொழினுட்பம் வந்தாலும் அஞ்சி ஓடவும் மாட்டார், மயங்கி வீழவும் மாட்டார்.

கல்வி அமைச்சும் சப்ரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களமும் இவ்விடயத்தில் ஆசிரியர்களுக்குத் தமிழில் பயிற்சியும் எளிய கையேடுகளும் வழங்க முன்வர வேண்டும். கரவனெல்ல ஆதார வைத்தியசாலை போன்ற பிரதேச வைத்தியசாலைகளின் வைத்தியர்கள் ஆண்டுக்கு ஒரு நாளையாவது பாடசாலைகளுக்கு ஒதுக்கலாம். பள்ளிவாசல்களும் கோவில்களும் திருமணத்துக்கு முந்திய குருதிப் பரிசோதனை பற்றிப் பேசலாம். இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை, மனமே தேவை.

இருநூறு ஆண்டுகளாக மரங்களின் பரம்பரையைப் பேணி வளர்த்த மக்களின் பிள்ளைகள், மனிதப் பரம்பரையைப் பற்றிய உலக விவாதத்தில் கேட்போராக மட்டும் இருந்துவிடக் கூடாது. அவர்களும் பேசுவோராக, தீர்மானிப்போராக வர வேண்டும். அதற்கான முதல் பாடம் கரவனெல்லயின் ஒரு சிறிய வகுப்பறையிலும் தொடங்க முடியும் என்பதே எமது நம்பிக்கையாகும்.